என் இருமலைத் திருப்பித் தாரும்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 5:45-க்கு எழுந்தேன். ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் என் மனைவி எஸ்தர் ஆறு குடம் பிடித்து வைத்தாள். நான் குடத்தைத் தொடக்கூடாது என்பது அப்போது வீட்டுச் சட்டம். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 7:15-க்கு இட்லி. இரண்டு தின்றேன், மூன்றாவது இறங்கவில்லை. 8:30-க்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். 8:50-க்கு ஆராதனைக்குப் புறப்பட்டோம். வீட்டிலிருந்து சபைக் கட்டடம் நானூறு அடி தூரம்தான். நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். அன்றைய டைரிப் பக்கத்தின் மேல் மூலையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இருமல் இல்லை. பதினோராவது நாள். ஸ்தோத்திரம்."

அந்தக் கடைசிச் சொல்லை இப்போது படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

11:20-க்கு என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். சபையாரின் ஜெபத்தால் என் இருமல் நின்றுவிட்டது, கர்த்தர் என்னைக் குணமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். நானும் அழுதேன். பிரியமானவர்களே, அது பொய்ச் சாட்சி. நான் தெரிந்து சொன்ன பொய் அல்ல. ஆனால் அந்தச் சாட்சியால் இன்னும் பதினோரு நாளில் என் உயிர் போக இருந்தது. அன்று கைதட்டிய ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் அருள்ராஜ். வயது நாற்பத்தைந்து. குடியிருப்பது சோமனூர். சிங்காநல்லூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருமல் உண்டு. பத்தொன்பது வயதில் ஒரு முறை, முப்பத்திரண்டு வயதில் ஒரு முறை, காசநோய் என்று சொல்லி ஆறாறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு முறையும் சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இரண்டு முறையும் அதை நான் எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் நீங்க யோசிக்க வேண்டாம்" என்றார்கள்.

2023 ஏப்ரலில்தான், கோவையில் ஒரு நுரையீரல் மருத்துவர் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெயில் காலத்தில் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியுமா?" என்று கேட்டார். படியும் என்றேன். வியர்வையை எடுத்துச் சோதித்தார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயர் சொன்னார். பிறவியிலேயே வருவது. உடம்பில் உப்பும் நீரும் போய்வர வேண்டிய வழி சரியாக வேலை செய்யாது. அதனால் சளி இறுகிவிடும். எங்கள் ஊரில் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி நாள்பட்டால் எப்படி இறுகுமோ அப்படி. அதில் கிருமி குடியேறும். குழந்தையிலேயே கண்டுபிடிக்க வேண்டியதை நாற்பத்து நான்காம் வயதில் கண்டுபிடித்தார்கள்.

அன்று இன்னொன்றையும் மருத்துவர் சொன்னார். இந்த நோய் உள்ள ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு இயற்கையாகக் குழந்தை பிறக்காது. காந்திபுரத்தில் பேருந்து ஏறினோம். பேருந்து சூலூர் தாண்டியது. எஸ்தர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க, அப்ப எனக்கு எதுக்குங்க பத்தொம்பது வருசமா எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுனாங்க?"

அந்தக் கேள்வியையும் டைரியில் தேதியோடு எழுதி வைத்தேன்.

அந்த மருத்துவமனையில் உடற்பயிற்சிக்கு என்று தனிப் பிரிவு இருந்தது. அங்கே என்னைப் பொறுப்பெடுத்துக்கொண்டவர் நஸ்ரின் என்ற பிசியோதெரபிஸ்ட். கோட்டைமேட்டுக்காரர், முப்பது வயதிருக்கும். 2024 ஜனவரி 8, திங்கட்கிழமை தொடங்கினோம். வாரம் மூன்று நாள் அங்கே, மற்ற நாள் வீட்டில். முதலில் உப்பு நீர் ஆவி பிடிக்க வேண்டும். பிறகு இருபது நிமிடம் வேக நடை. பிறகு ஒரு படியில் ஏறி இறங்குவது. இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. நடுநடுவே வாயைத் திறந்து, கண்ணாடியில் ஊதி ஈரம் படிய வைப்பதுபோல "ஹஃப்" என்று காற்றைத் தள்ளுவது. அப்போது சளி அசையும். அசைந்தால் இருமல் வரும். வந்ததைத் துப்ப வேண்டும்.

"ஓடறவங்களுக்கு வேர்த்தா எப்படியோ, உங்களுக்கு இருமல் அப்படிங்கண்ணா" என்பார் நஸ்ரின். "இருமலேன்னா நீங்க என்னைய ஏமாத்தறீங்கன்னு அர்த்தம்."

மே மாதத்துக்குள் இரண்டரைக் கிலோ எடை ஏறினேன். கம்பெனியில் மேல் ஸ்டோருக்குப் போக இருபத்திரண்டு படி. நிற்காமல் ஏறினேன். எல்லாம் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் இருமல் கூடியது. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. தறி ஓடும்போது யார் என்ன செய்தாலும் வெளியே கேட்காது. கரண்ட் போய்விட்டால் தெருவே அடங்கிவிடும். அப்போது என் இருமல் மட்டும் கேட்கும். "அந்த ஊட்டுக்காரருக்கு முத்திப்போச்சாட்ட இருக்குது" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது எஸ்தர் காதில் விழுந்தது. அவள் பயந்துபோனாள். பயந்தவள் சபை மூப்பர் தேவராஜ் அண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

தேவராஜ் அண்ணன் நல்லவர். இதை நான் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்தால் நான் அவர் பேச்சைக் கேட்டிருக்க மாட்டேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பார். 2024 மே 24, வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார். பன்னிரண்டு பேர் வந்தார்கள். நான் படி ஏறி இறங்குவதற்கு வைத்திருந்த மரப்பலகையைக் காலால் நகர்த்தினார்.

"ஏனுங் தம்பி, இழுப்புக்காரன் குதிச்சா நெஞ்சு தாங்குமுங்களா? படுத்திருங்க. ஓய்வும் கர்த்தர் குடுத்ததுதானுங்க. நாங்க முழங்கால் போடறோம், நீங்க சும்மா இருங்க."

இரண்டு மணி நேரம் ஜெபித்தார்கள். "இந்த இருமலை நிறுத்தும் ஆண்டவரே" என்பது ஒன்றுதான் ஜெபம். நானும் ஆமென் சொன்னேன். போகும்போது மருந்துக்கடையில் தானே வாங்கிவந்த, இருமலை அடக்கும் மருந்தை எஸ்தர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து படுத்திருந்தேன். வேலைக்கு விடுப்பு சொன்னேன். நடை இல்லை, படி இல்லை, ஆவி இல்லை. காலையும் மாலையும் அந்த மருந்து. மே 30 அன்று இருமல் அடியோடு நின்றது. வீடே கொண்டாடியது. நஸ்ரின் போன் செய்தபோது நான் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "எனக்குச் சுகமாயிடுச்சுங்க. இனி வர்றதில்லீங்க." "அண்ணா, எதுக்கும் ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க" என்றார். நான் வைத்துவிட்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்லிவிட்டால் அந்த நோயின் பெயரை மறுபடி வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அவிசுவாசம். நோய் திரும்பி வரும். அதனால் சாட்சி சொன்ன ஜூன் 9-க்குப் பிறகு தொண்டையில் ஏதாவது அசைந்தால்கூட நான் விழுங்கினேன். சாட்சி சொன்ன வாயால் இருமினால் கர்த்தருடைய பெயர் கெட்டுப்போகும் என்று நினைத்தேன். ஒரு மனிதன் இரண்டு இருமல் இருமினால் கெட்டுப்போகும் பெயரா அது? இதை அன்றைக்கு யோசிக்க எனக்குப் புத்தி இல்லை. நாற்பத்தைந்து வயது ஆள். மூவாயிரம் உதிரிப் பாகங்களை இடம் மாறாமல் வைத்திருப்பவன். என் நெஞ்சுக்குள் என்ன தேங்குகிறது என்று பார்க்கவில்லை.

ஜூன் 17, திங்கள், காய்ச்சல். செவ்வாய், வலது விலாவில் குத்து. ஜூன் 19, புதன், காலை பத்து மணிக்குக் குளியலறைக் கதவைப் பிடித்தபடி விழுந்தேன். ஆம்புலன்ஸில் அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வலது நுரையீரலின் அடிப்பாகத்துக்குக் காற்றே போகவில்லை. சளி மூடியிருந்தது. மருத்துவர் எஸ்தரிடம் சொன்னார்: "நாளை சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். சளி தானாக வெளியே வரவில்லை என்றால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டியிருக்கும். வைத்தால் எடுக்க முடியுமா என்று இவருடைய நுரையீரலை வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன்."

ஜூன் 20, வியாழன். பிற்பகல் 3:10. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். தேவராஜ் அண்ணன் இரண்டு பேரோடு வார்டுக்கு வந்தார். என் தலையில் கை வைத்தார். கண்ணை மூடினார். மறுபடியும் அதே ஜெபத்தைத் தொடங்கினார். இருமல் ஒருபோதும் இவரை அண்டக்கூடாது ஆண்டவரே என்றார்.

மாஸ்க்கை இழுத்தேன்.

"நிறுத்துங்கண்ணா."

நாற்பது வருட சபை வாழ்க்கையில் ஜெபத்தின் நடுவில் நான் கண்ணைத் திறந்ததும் முதல் முறை, பேசியதும் முதல் முறை. அவர் வாய் திறந்தபடியே நின்றது.

நானே ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "ஆண்டவரே, நீர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் முட்டாள்தனமாகக் கேட்டோம். கேட்டதை நீர் ஏன் கொடுத்தீர்? தடுத்திருக்கக் கூடாதா? எனக்குச் சமாதானம் வேண்டாம். ஓய்வு வேண்டாம். என் இருமலைத் திருப்பித் தாரும். இப்போதே தாரும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பிறகு எஸ்தர் மட்டும் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

3:40-க்கு நஸ்ரின் வந்தார். ஒரு கையில் சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டர். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஆவி மருந்தைப் பிடிக்க வைத்தார். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினார். "டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். எந்திரிங்கண்ணா" என்றார்.

தேவராஜ் அண்ணனுக்குத் தாங்கவில்லை. "ஏம்மா, சாகக் கெடக்கற மனுசனை எந்திரிச்சு நிக்கச் சொல்றயே, உனக்கு ஈவு எரக்கம் இல்லையா?"

"இவரு மேல எரக்கப்பட்டு யாரோ படுக்க வெச்சுப்போட்டாங்களாமுங்க" என்றார் நஸ்ரின், என் தோளுக்கடியில் கை கொடுத்தபடியே. "அந்த எரக்கம்தானுங்க இப்ப நெஞ்சுக்குள்ள அடைச்சுட்டு நிக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சிலிண்டர் வரோணும்."

அவர் தள்ளி நின்றார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எழுந்து நின்றேன். நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். எண்ணச் சொன்னார். பன்னிரண்டில் கண் இருட்டியது. உட்கார வைத்தார். மறுபடி நிற்க வைத்தார். இருபது. உட்கார்ந்தேன். ஹஃப் செய்தேன். வெறும் காற்று. மறுபடி இருபத்தைந்து. வெறும் காற்று. எனக்கு அழுகை வந்தது. "அழுதா மூச்சு வீணாகும். கோவப்படுங்க, அது பரவால்ல" என்றார் நஸ்ரின். கோபத்துக்கு எனக்குப் பஞ்சமில்லை. பத்தொன்பது வயது மாத்திரையை நினைத்தேன். எஸ்தரின் நெற்றியில் அவர்கள் பூசிய எண்ணெயை நினைத்தேன். காலைத் தரையில் அறைந்து அறைந்து வைத்தேன்.

4:20-க்கு வலது நெஞ்சின் அடியில் ஏதோ பிடுங்கிக்கொண்டது. இருமல் வந்தது.

அப்படி ஓர் இருமல் என் ஆயுளில் வந்ததில்லை. உடம்பு இரண்டாக மடிந்தது. எஸ்தர் கிண்ணத்தைப் பிடித்தாள். பச்சையும் பழுப்புமாக, கயிறுபோல வந்தது.

"வரட்டும், வரட்டும். இன்னொன்னு. நிறுத்தாதீங்கண்ணா!"

நாற்பது நிமிடம் வந்துகொண்டே இருந்தது. இடையில் எஸ்தர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு, "இதைய வெச்சு ரெண்டு பாவுக்குக் கஞ்சி போட்டுரலாமுங்க" என்றாள். நஸ்ரின் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் வந்தது. ஐந்து மணிக்குக் கிளிப்பில் எண் எண்பத்தைந்திலிருந்து தொண்ணூற்று மூன்றுக்கு ஏறியிருந்தது. மருத்துவர் முதுகில் குழலை வைத்துக் கேட்டார். "காற்று போகிறது" என்றார். குழாய் வேண்டாம் என்றார்.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். ஒரு மணி பத்து நிமிடத்தில் கேட்டார். மருந்தின் வழியாக, பயிற்சியின் வழியாக, தன் தொழிலைத் தெரிந்த ஒரு பெண்ணின் கை வழியாகக் கேட்டார். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்தோத்திரம். இந்த முறை அந்தச் சொல்லை அறிந்து எழுதுகிறேன்.

ஜூலை 4-ல் வீட்டுக்கு வந்தேன். ஜூலை 15-ல் பயிற்சியை மறுபடி தொடங்கினேன். ஐந்து நிமிட நடையில் ஆரம்பித்து, ஆகஸ்ட் முடிவில் இருபத்தைந்து நிமிடம். முழு நுரையீரலும் திரும்பவில்லை. படுத்திருந்த அந்த இருபத்தாறு நாளில் இழந்ததில் ஒரு பங்கு இனி திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதையும் நான் எழுதியாக வேண்டும். என் நோய் போகவில்லை. சாகும்வரை தினமும் இருமத்தான் வேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு. போதகரிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். தயங்கித்தான் கொடுத்தார். மைக்கை வாங்கி, ஜூன் 9 அன்று சொன்ன சாட்சியைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். நடந்ததைத் தேதி வாரியாகச் சொன்னேன். நடுவில் இருமல் வந்தது. மைக்கைத் தள்ளிப் பிடித்தேனே தவிர விழுங்கவில்லை. கைத்துணியில் துப்பிவிட்டுத் தொடர்ந்தேன். யாரும் கைதட்டவில்லை.

வெளியே செருப்பு விடும் இடத்தில் தேவராஜ் அண்ணன் நின்றார்.

"சபை முன்னால என்னைய இப்படி நிக்க வெச்சுப்போட்டீங்களே தம்பி."

"உங்க பேரை நான் சொல்லலீங்கண்ணா."

"சொல்லோணுமா? யாருன்னு தெரியாதா எல்லாருக்கும்? நான் அன்புலதானே செஞ்சேன்?"

"தெரியுமுங்கண்ணா. அதனாலதான் செத்துப்போகப் பாத்தேன். அன்பா சொன்னீங்க, தட்ட முடியல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரோடு எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஆகிவிட்டதாக எழுதினால் சாட்சிக்கு அழகாக இருக்கும். எழுத மாட்டேன். ஒரு பொய்ச் சாட்சி போதும்.

விசுவாசிகளே, ஜெபியுங்கள். நான் முன்பைவிட அதிகமாக ஜெபிக்கிறேன். ஆனால் நோயாளியின் உடம்பைப் பற்றித் தெரியாமல், இதை நிறுத்தும், அதை எடுத்துவிடும் என்று உத்தரவு போடாதீர்கள். எது வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். அவர் நடந்தால் கூட நடங்கள். அவர் இருமினால் முகத்தைத் திருப்பாதீர்கள். ஒருவேளை அந்த இருமல்தான் உங்கள் ஜெபத்துக்கு வந்த பதிலாக இருக்கலாம். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார். கோபத்தோடு கேட்டாலும் கேட்பார். நான் அப்படித்தான் கேட்டேன்.

அந்த ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு எங்கள் சபையைச் சேர்ந்த லில்லி அக்கா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். "தம்பி, எங்க ஜெனிக்கு இருபத்திநாலு வயசாச்சுங்க. பொறந்ததுலருந்து இருமல்தான். முத்தம் குடுத்தா உப்புக் கரிக்கும். ரெண்டு தடவை டிபி மாத்திரை குடுத்துப்போட்டாங்க. நீங்க காலையில சொன்னது முச்சூடும் அவளைச் சொன்ன மாதிரியே இருந்துச்சுங்க." அந்தப் பெண்ணின் இருமல் நிற்க வேண்டும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை நான் முழங்கால் போட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 9, திங்கட்கிழமை. காலை 6:05. முதல் வேலையாக நஸ்ரினுக்குப் போன் செய்தேன்.

"நாளெல்லாம் கிடக்குது, இத்தனை காலையில என்னங்கண்ணா? பயிற்சி முடிச்சாச்சுங்களா?"

"இல்லீங்க. ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வாரேன். சோதிச்சுப் பாக்கோணும்."

"இருமறாளாங்க?"

"நல்லா இருமறாங்க."

"அப்ப நேரம் இருக்குது. கூட்டிட்டு வாங்க. அவளுக்கும் இதேன்னா ஒருத்தர் கிருமி இன்னொருத்தருக்கு ஆகாது. ரெண்டு பேரும் மாஸ்க் போடுங்க, பக்கத்துல உக்காராதீங்க."

7:10 பேருந்தில் லில்லி அக்காவும் மகளும் முன் படியில் ஏறினார்கள். நான் பின் படியில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன்.